குளியல் ராணியின் குரல்

குதோ இசோகோவை ஒரு காலத்தில் தோக்கியோவின் மூன்றாந்தரக் கொட்டகைகளில் பார்க்காத ஆண்பிள்ளை கிடையாது. அவள் குரலைக் கேட்டவர்தான் ஒருவரும் இல்லை. அவளுடைய ஏழு படங்களிலும் நான் உதவி இயக்குநர், காமிராவுக்குக் கீழே குந்தியிருந்தவன். ஆகவே என் பேச்சை நம்பலாம்.

படத்தொடரின் பெயர் 'விண்வெளிக் குளியல் ராணி'. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போது நாங்களே சிரித்தோம். உறைந்துபோன ஒரு கிரகத்திலிருந்து ராணி கப்பலில் வந்து இறங்குவாள். பூமியின் ஆண்களைப் பிடித்து வெந்நீரில் முக்குவாள். அப்புறம் நடப்பதற்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். கப்பல் என்றால் சென்ஜுவில் இருக்கும் கமேநோயு பொதுக் குளியலகம். அதன் ஆவிதான் நட்சத்திர மண்டலம். சுவரில் இருந்த ஃபுஜி மலை ஓவியத்தை மறைக்கத் துணி இல்லாததால், அது ராணியின் கிரகத்து மலை என்று வசனம் எழுதிச் சமாளித்தோம். தலைக்கவசத்துக்கு மஞ்சள் குளியல் சட்டி, துப்பாக்கிக்கு முடி உலர்த்தி, கிரீடத்துக்கு எண்ணெய் வடிகட்டி.

படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்ய எங்களுக்கு வக்கில்லை. காமிராவே தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். நான் கீழேயிருந்து வசனத்தைக் கத்துவேன், நடிகர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். குரல் எல்லாம் பிற்பாடு சேர்ப்பதுதான்.

இசோகோ பதினைந்து வயதில், பள்ளி முடித்த பிள்ளைகளைத் தொழிற்சாலைகளுக்கு அள்ளிவரும் தனி ரயிலில், வடக்கே பனி கொட்டும் அவொமோரியிலிருந்து வந்தவள். நூல் ஆலையில் அவள் ஊர்ப் பேச்சில் "குளுருது" என்று சொன்னால் போதும், விடுதி முழுக்க அதேமாதிரி இழுத்துச் சொல்லிக் கெக்கலிக்கும். அன்றோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சினிமாவுக்கு வந்த பிறகும் அதே கதைதான். குரல் சேர்க்கும் அறையில் அவள் முதல் வரியைப் பேசியதும் இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "ராணி பேசறாளா, முள்ளங்கி விக்கறாளா?" என்றார். வானொலி அறிவிப்பாளர் போலப் பேசும் ஒருத்தியைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். ஏழு படத்துக்கும் அவள்தான் குரல். முதல் படத்தைக் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்த இசோகோ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வாய் என்னுது, நுமாதா. உள்ள இருக்கிறவ யாரு?"

வீடியோ வந்தது, கொட்டகைகள் மூடின, ராணியும் ஓய்வு பெற்றாள். இசோகோ குளியலகத்துக்கு எதிர்ச் சந்தில் கொரோக்கே பொரித்து விற்கிறாள். மொறுமொறுப்புக்குள்ளே உருளைக்கிழங்கு மசியல் அப்படி வாயில் கரையும். ஆனால் அவள் வாயிலிருந்து விலையும் நன்றியும் தவிர வேறு சொல் வராது, அதுவும் இஸ்திரி போட்ட தோக்கியோப் பேச்சில். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு பீறிடும். அந்த பாக்கியம் பெரும்பாலும் எனக்குத்தான். தினமும் கமேநோயுவில் குளிப்பாள். பக்கத்துக் குழாயில் சலவைக் கடை தொசாவா அம்மாள். இருவரும் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டு அதே இஸ்திரிப் பேச்சில் வானிலை பேசுவார்கள். அதைத் தாண்டி ஒரு சொல் போகாது.

இப்படியிருக்க, ஹயசாகா என்ற இளம் பெண் இயக்குநர் இனிப்புப் பெட்டியும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றாள். பழைய படங்களைப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டாளாம். தொடரை மறுபடி எடுக்கப் போகிறாளாம்.

"ராணி இன்னும் சாகலைக்கா. வயசாகித் திரும்பி வர்றா. நீங்கதான் வரணும்."

இசோகோ எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் குரல் வருமா?"

"வரும். படம் எடுக்கும்போதே பதிவு பண்றோம். உங்க ஊர்ப் பேச்சுலயே பேசுங்க."

"அப்ப வர்றேன். என் குரல் இல்லேன்னா நானும் இல்லை." சொல்லிவிட்டு, வடித்துக்கொண்டிருந்த கொரோக்கேயைத் தட்டில் கொட்டி, அந்த வடிகட்டியைக் கழுவி மேடைமேல் வைத்தாள். "கிரீடம் இந்தா."

படப்பிடிப்பு அன்று எனக்கு விருந்தாளி மரியாதை. குளிக்க உட்காரும் முக்காலி ஒன்றைக் கொடுத்து, "நுமாதா ஐயா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க" என்றாள் ஹயசாகா. மூன்றரைக்குக் குளியலகம் திறந்தாக வேண்டும். வெளியே வாடிக்கைக்காரர்கள் துண்டும் சட்டியுமாகச் சேர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆவிக்குள்ளிருந்து இசோகோ வந்தாள். தங்க நிறப் போர்வை தோளிலிருந்து நழுவியது. அறுபத்தைந்து வயதுத் தோள், எண்ணெய் தெறித்த தழும்புகள், தலையில் வடிகட்டி. சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. மஞ்சள் சட்டி கவிழ்த்த பூமி ஆண்கள் அவள் எதிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராணியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தார். கோளாறு அங்கே இல்லை. காமிரா ஓடினால் வாயை மட்டும் அசைப்பது அவள் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் உதடு மட்டும்.

"வரமாட்டேங்குது" என்றாள் இசோகோ. முகம் வெளுத்துவிட்டது.

ஹயசாகா கடிகாரத்தைப் பார்த்தாள். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள். "பரவாயில்லைக்கா. குரலைப் பின்னாடி சேத்துக்கலாம்."

இசோகோ தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியாக ஒருமுறை என்று காமிரா ஓடியது. ராணி வந்தாள், உதடு பிரிந்தது, சத்தமில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னையறியாமல் என் வாய் திறந்துகொண்டது. அந்த அறிவிப்பாளர்க் குரலின் இழுப்போடு நான் கத்தினேன்: "பூமியின் மைந்தர்களே! அருகில் வாருங்கள்!"

வடிகட்டி என் பக்கம் திரும்பியது.

"ஏலேய் நுமா! வாய மூடுல! நாப்பது வருசமா நீயும் அவளும் பேசுனது பத்தாதா? இன்னிக்கு நான் பேசுதேன்!"

அதே மூச்சில் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "என்னலே பாத்துக்கிட்டு நிக்கிய, மனுசப் பயலுவளா? குளுருதுல்லா? உள்ள வாங்கலே! வெந்நி ஆறிரும்!"

ஓடு பதித்த சுவர்களில் மோதி அந்தக் குரல் கூரைவரை ஏறியது. கரகரத்த, பனிக்காற்று அறைந்த குரல். ஃபுஜி மலையே அதிர்ந்ததாகத்தான் எனக்குப் பட்டது. 'கட்' சொல்ல ஹயசாகா மறந்தே போனாள். யாரும் சொல்லாமலே ஆண்கள் ஒவ்வொருவராக வெந்நீரில் இறங்கினார்கள். இத்தனை காலம் நாங்கள் எதை மூடிவைத்திருந்தோம் என்று நினைத்து மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசல் கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. தொசாவா அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"இப்பம் பேசுனது யாரு?"

இசோகோ பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள்.

"ஏட்டி, நீயா?" தொசாவா அம்மாள் கிட்டே வந்தாள். "நீ நம்மூர்க்காரியா? இருவது வருசமா உனக்கு முதுகு தேச்சுவிடுதேன், ஒரு வார்த்த சொன்னியாட்டி?"

"நீ சொன்னியா?" என்றாள் ராணி.