வேர்வை படாத ஜெர்சி

“...வேர்வையே படலக்கா அதுல. அதப் போயி இன்னாத்துக்கு ஊற வெக்கிற?” என்றாள் என் தங்கை.

ஐதராபாத் அல்வாலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் வெளிநாட்டிலிருந்து முதல் நாள்தான் வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து சாக்ஸ், துண்டு, பயிற்சிக்குப் போட்ட டீஷர்ட்டுகள் எல்லாவற்றையும் பக்கெட்டில் போட்டாயிற்று. கையில் மிச்சம் இருந்தது அந்த நீல ஜெர்சி. நெஞ்சுக்குக் குறுக்கே நாட்டின் பெயர், முதுகில் எங்கள் அப்பா பெயர். அவள் பின்வாசல் படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். குரலில் கோபமே இல்லை. குழம்புக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

முகர்ந்து பார்த்தேன். கடையில் கவர் பிரித்த புதுத்துணி வாசனைதான் வந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஆடும் கூடைப்பந்து எல்லோருக்கும் தெரியும். இது அணிக்கு மூன்று பேர் ஆடுவது. பாதி மைதானம், ஒரே கூடை, பத்து நிமிடம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஓர் அணி இருபத்தொரு புள்ளியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெளியே மாற்று ஆளாக ஒரே ஒருத்தி நிற்பாள். கோச் பக்கத்தில் வரக் கூடாது. பார்வையாளர்களோடு உட்கார்ந்துகொள்ளலாம், வாய் திறக்கக் கூடாது. யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஆடுகிறவர்களே முடிவுசெய்ய வேண்டும். பந்து நிற்கிற நேரத்தில் உள்ளே இருப்பவள் ஒருத்தி கோட்டைத் தாண்டி வெளியே வந்து, காத்திருப்பவளின் கையைத் தொட வேண்டும். தொட்டால் இவள் உள்ளே போகலாம். நடுவர் அனுமதி, விசில் எதுவும் வேண்டாம். கை பட்டால் போதும்.

இந்த விதியை என் தங்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சமையலறை வாசலில். என் வீட்டுக்காரர் சனத்நகரில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்து நேரே காபிக்கு உள்ளே நுழையப் பார்த்தார். “நக்கோ மாமா, வேணாம், ஃபவுல். அக்கா வெளிய வந்து கையத் தொட்டாத்தான் நீங்க உள்ள போகணும்” என்றாள் இவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் கரண்டியை வைத்துவிட்டு வந்து கையைத் தட்டிவிட்டு டிவி முன்னால் போய் உட்காருவேன். அவர் தோசை சுடுவார். அம்மாகூட, முட்டி வலியோடு எழுந்து வந்து ஒருநாள் என் கையைத் தொட்டுவிட்டு, “நான் இன்னிக்கு நாலாவது ஆளு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். தமிழ் எழுத்தைக்கூட மாதா கோயில் பாட்டுப் புத்தகத்தையும் கல்யாணப் பத்திரிகைகளையும் வைத்து நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதனாலோ என்னவோ, யாராவது அழகாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு விடவே மனசு வராது. நாலு பேரிடம் சொன்னால்தான் சோறு இறங்கும். அந்தப் பழக்கம்தான் இந்த விஷயத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது.

கூகட்பள்ளியில் ஒரு போட்டிக்கு வந்திருந்தபோது அணியின் மற்ற மூன்று பெண்களும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கேப்டன் சென்னைப் பெண். கூச்சமே இல்லாமல் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மீன் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே, “ஆன்ட்டி, மூணு கால்ல மேசை நிக்குமா? இவதான் ஆன்ட்டி எங்க நாலாவது கால்” என்றாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள். அந்த வாரம் முழுக்கப் பால்காரரிடம், பக்கத்து வீட்டில், கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். மூன்று காலிலேயே ஜம்மென்று நிற்கிற முக்காலி என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

என் தங்கைக்கு இந்த வெளிநாட்டுப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அதை அவள் ஒளித்ததில்லை. ஒரு முட்டியில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆபீஸில் இனிமேல் இத்தனை நாள் லீவு கேட்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மாநிலத்துக்கு ஆடியவள், நாட்டுக்கு ஒரு தடவைகூட ஆடியதில்லை. போகும் முன் பெட்டி கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். “ஒரே ஒரு தடவ அந்தக் கோட்டுக்குள்ள போயிட்டு வந்துட்டாப் போதும்க்கா. தோத்தாலும் பரவால்ல. அப்புறம் நீ எந்த மாப்பிள்ளையக் காட்டினாலும் பாக்குறேன்.”

எங்கள் வீட்டில் திட்டுவதற்கு ஆட்களைத் தயாராகவே வைத்திருந்தோம். அவளை எடுக்காமல் விட்டிருந்தால் தேர்வுக் கமிட்டியைத் திட்டியிருப்போம். சிபாரிசைத் திட்டியிருப்போம், பெரிய ஊர்க்காரர்களைத் திட்டியிருப்போம். ஆனால் எடுத்துவிட்டார்கள். டிக்கெட் வந்தது, டிராக் சூட் வந்தது, இந்த ஜெர்சியும் வந்தது. திட்ட ஆள் இல்லாமல் போனது அங்கேதான்.

ஆட்டம் நடந்த ஊர் குளிர் ஊர். ஒரு பெரிய கடைத்தெருவின் நடுச் சதுக்கத்தில் மைதானம் போட்டு, நாலு பக்கமும் படிக்கட்டுப் போல இருக்கைகள் கட்டியிருந்தார்கள். பல நாட்டு அணிகள் ஆடும் சர்வதேசப் போட்டி. எங்களுக்கு இரண்டு ஆட்டம். இரண்டில் ஒன்றாவது ஜெயித்தால் அடுத்த கட்டம், இல்லையென்றால் விமானம். சனிக்கிழமை மதியம் போனை டிவியில் இணைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா கையில் ஜெபமாலை.

முதல் ஆட்டம் கழுத்துக்குக் கழுத்தாகப் போனது. கேப்டன் பெண் பிரமாதமாக ஆடினாள், அதில் பொய்யில்லை. அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் கீழ் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைக்கு எதிர்ப்பக்கம் கோட்டுக்கு வெளியே இவள் நிற்கிறாள். கேமரா திரும்பும்போது ஒரு ஷூ தெரியும். இன்னொரு தடவை ஒரு முழங்கை. பிறகு நீட்டிய கை மட்டும்.

“அதோ, கை நீட்டுறா பாரு” என்றாள் அம்மா.

“டைட்டா போவுது அத்த. இப்ப மாத்தி ரிஸ்க் எடுப்பாளுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

கடைசியில் ஒரு புள்ளியில் போய்விட்டது. இவர் சொன்னது நியாயம்தான் என்று சமாதானம் செய்துகொண்டோம். சோறு போட்டேன். அம்மா சாப்பிடவில்லை, அடுத்த ஆட்டத்துக்கு அப்புறம் என்றாள்.

சாயங்காலம் இரண்டாவது ஆட்டம். எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் நம் பெண்களைவிட ஒரு தலை உயரம். ஆரம்பத்திலேயே கை மீறிவிட்டது. பதினைந்துக்கு ஆறு என்று ஆனபோது இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஹவ், ஆமா, இப்ப இவள உள்ள விடுவாளுங்க. இதுக்கு மேல இன்னா இருக்குது காப்பாத்த?” என்றார். ஜெயிக்கும் ஆசையை விட்டுவிட்டோம். இப்போது எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். திரையில் இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் காட்டியது. மூன்று நிமிடம் என்பது நிறைய நேரம் என்று நினைத்துக்கொண்டோம்.

எதிரணி பத்தொன்பதில் இருந்தபோது பந்து வெளியே போய் ஆட்டம் நின்றது. கேப்டன் திரும்பி, நேராகத் தங்கை நிற்கும் இடத்துக்கு நடந்து வந்தாள். கேமராவும் கூடவே வந்தது. முதல் தடவையாக என் தங்கையின் முகம் முழுதாகத் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். ஒரு கை வெறுங்கை. இன்னொரு கையில், பழக்கதோஷம், டவல். கேப்டன் டவலை வாங்கி முகத்தைத் துடைத்தாள், திருப்பி அவள் கையில் வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

கையும் கையும் பட்டிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நடுவில் டவல் இருந்தது, அவ்வளவுதான். பட்டும் பிரயோஜனமில்லை, வந்தவள் மாறுவதற்கு வரவில்லை.

அடுத்த பந்திலேயே அந்த உயரமான பெண் தூரத்து வளைவுக்கு வெளியிலிருந்து எறிந்தாள். அங்கிருந்து விழுந்தால் இரண்டு புள்ளி. விழுந்தது. இருபத்தொன்று. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

அம்மா டிவியைக் காட்டி, “இன்னும் நேரம் இருக்குதேடி. ரெண்டு நிமிஷம்னு காட்டுதே” என்றாள்.

இருபத்தொன்றில் முடிந்துவிடும் என்று எங்களுக்குச் சமையலறை வாசலில் வைத்துச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். ஒருவருக்கும் நினைவில்லை. இவர் எழுந்து டிவியை அணைத்தார். காபி போடலாம் என்று சமையலறைப் பக்கம் போனவர், வாசலில் நின்று பழக்கத்தில் கையை நீட்டினார். அதற்குள் நான் உள்ளே போயிருந்தேன். உடனே கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை போன் செய்தாள். நான்தான் கத்தினேன். அந்தக் கேப்டன் நம் வீட்டு மீனைத் தின்றவள் என்றெல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“கேப்டன் பாத்ரூம்ல உக்காந்து அழுதாக்கா. அவ வெளிய வருவான்னு இவ நெனச்சாளாம். இவ வருவான்னு இன்னொருத்தி நெனச்சாளாம். ஒருத்தி வந்தாத்தானே நான் போக முடியும். யாருக்குத்தான் வெளிய வர மனசு வரும்? அவங்களுக்கும் இதான் மொதத் தடவ.”

“கோச் இன்னா புடுங்கினாரு?”

“அவரு வாயத் தொறக்கக் கூடாது. ரூலு.” என்றாள். “மூணு பேரும் நல்லவங்கக்கா. கெட்டவளா ஒருத்தி இருந்திருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”

இந்த வார்த்தையை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

விமான நிலையத்திலிருந்து வரும்போது டாக்ஸிக்காரர் அவளுடைய டிராக் சூட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஜீதே க்யா?”, ஜெயித்தீர்களா என்றார். “நை” என்றாள். “கைக்கு?” என்றார் அவர். இந்த ஊரில் ஏன் என்று கேட்க அந்த ஒரு வார்த்தைதான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பேச்சுக்குக் கேட்டார்.  அல்வாலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தெருமுனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ். அதில் தங்கை பந்தோடு எகிறுகிறாள். பழைய மாநிலப் போட்டிப் படம்தான். சட்டை நிறத்தை மட்டும் நீலமாக்கியிருந்தார்கள்.

அந்த ஃபிளெக்ஸுக்குச் சொந்தக்காரர்தான் நான் ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் முன்வாசலில் வந்து மணி அடித்தார். எங்கள் காலனி நலச்சங்கச் செயலாளர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பேச்சு பின்வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

“பாத்தோம் தம்பி. அதாவது, லிங்க் ஓப்பன் ஆவல. ஆனா பிரமாதமா ஆடினதாக் கேள்வி. சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்குல சின்னதா ஒரு பாராட்டு. நம்ம வார்டு கார்ப்பரேட்டர் வர்றேன்னுட்டார். சால்வை, மாலை எல்லாம் ரெடி.”

“அது வந்து சார், அவளுக்கு அசதியா இருக்குது” என்றார் இவர்.

“உக்காந்திருந்தாப் போதும். ரெண்டு வார்த்தை, எத்தனை கூடை போட்டா, எப்படிப் போட்டான்னு நம்ம பசங்களுக்குச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணு, அந்த இந்தியா ஜெர்சியிலதான் வரணும். ஃபோட்டோவுக்கு.”

அம்மா பின்பக்கம் எட்டிப் பார்த்து, “மரியாதைக்குப் போயிட்டு வந்துடேண்டி. கூப்புட வூடு தேடி வந்துருக்காரு” என்று மெதுவாகச் சொன்னாள். தங்கை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து அவர் குரல் மறுபடி வந்தது. “துவைச்சுக்கிவைச்சுப் போட்டுடப் போறீங்க. அப்படியே வரட்டும். நாட்டுக்காகச் சிந்தின வேர்வை தம்பி, அது இருந்தாத்தான் விசேஷம்.”

தங்கை டம்ளரைப் படியில் வைத்தாள். எழுந்து வந்து என் கையிலிருந்த ஜெர்சியை வாங்கினாள். ஆபரேஷன் ஆன காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு பக்கெட் முன்னால் உட்கார்ந்தாள். ஜெர்சியை உள்ளே போட்டு, டப்பாவிலிருந்து சோப்புத் தூளை ஒரு கை அள்ளிப் போட்டாள். காற்று அடைத்துக்கொண்டு அது உப்பி மேலே வந்தது. இரண்டு கையாலும் அமுக்கினாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.