வியாழன் பின்னேரத்து அமெரிக்கா

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அறைக்குச் சற்றும் பொருந்தாத பெரிய பெட்டி. அதை வைத்த நாளிலிருந்து அலுமாரியின் ஒரு கதவை முழுதாகத் திறக்க முடிவதில்லை. விற்றுவிடுவோம் என்று என் மனுசன் இராஜதுரை அடிக்கடி சொல்லுவார். எனக்குக் காது கேளாததுபோல் இருந்துவிடுவேன்.

அது ஏர்னஸ்ற் விட்டுப்போன பெட்டி. அவனும் மனைவி அகஸ்ரீனாவும் மகள் ஜெனுஷாவும் இங்கிலாந்துக்குப் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிக் கதவைச் சாத்தமுன் ஓடிய சனத்தோடு அவர்களும் ஓடினார்கள். ஒரு காலத்தில் பலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் தொடர்மாடியின் ஒவ்வொரு தட்டிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். இப்போது படியிறங்கும்போது எந்தக் கதவுக்குப் பின்னாலும் கறி தாளிக்கிற வாசம் இல்லை. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு அழுகை வரும். ஏர்னஸ்ற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அவன் ஊர்காவற்றுறைப் பெடியன். தொண்ணூறுகளில் பலெர்மோவுக்கு வந்து, முதல் இரண்டு கோடையும் மொண்டெல்லோக் கடற்கரையில் குடை நட்டான். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். அதன்பின் லிபெர்த்தாத் தெருவில் வயதான ஒரு சட்டத்தரணியின் வீட்டில் சமையல், துப்புரவு, ஐயாவைக் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் பார்த்தான். நானும் அதே தெருவில் இரண்டு வீடு துடைத்தேன். காலை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பான். எனக்குக் கூடப் பிறந்த தம்பி இல்லை. அந்தக் குறையை அவன் பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டான்.

அவனுக்குப் படம் பார்க்கத் தெரியாது, படத்தைச் சொல்லத்தான் தெரியும். ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்களே, அங்கே ஆங்கிலப் படம் ஓடினால் எழுந்து நின்று தமிழில் கதை சொல்லுகிறவன் இவன்தான். ஆங்கிலம் அரைகுறை. தெரியாத இடத்தைத் தன் கையிலிருந்து போட்டு நிரப்புவான். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் அவனுடைய தம்பி ஸ்ரீபன். வெளியில் அந்த இரைச்சலோடேயே நின்றதால், ஸ்ரீபன் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாம் அண்ணன் சொல்லிக் கேட்டதுதான்.

அந்த ஸ்ரீபன் பத்தொன்பது வயதில் எறிகணைச் செல்லடிபட்டுச் செத்தான். தோய்த்த சேட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்க, வெறும் மேலோடு வள்ளத்தை இழுத்துக் கட்டப் போனவன், திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சனமெல்லாம் இடம்பெயர்ந்தது, வீட்டோடு அல்பங்களும் எரிந்துபோயின. தாய் இன்றைக்கும் செல்லைப் பற்றிச் சொல்லி அழுவதில்லை. அந்தச் சேட்டைப் பற்றித்தான் சொல்லி அழுவார்.

ஏர்னஸ்ற் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே செத்தவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அகஸ்ரீனாவின் ஐயா கோட்டும் ரையும் போட்டு மிடுக்காக இருப்பார். கடலுக்குப் போன மனுசனுக்கு ஏது கோட்டு? செத்தபிறகு ஸ்ரூடியோக்காரன் படத்தில் போட்டுவிட்டது. ஊரில் அது வழமைதானே. ஐயாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. அது ஸ்ரீபனுக்கு அடித்த ஆணி. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் நாளன்று அந்த வெறும் ஆணிக்குக் கீழேயும் ஒரு மெழுகுதிரி எரியும்.

சட்டத்தரணி ஐயாவுக்குக் கண் மங்கியதும், அந்த வீட்டுச் சின்யோராவம்மா இந்தத் தொலைக்காட்சியை ஏர்னஸ்ற்றிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவனும் என் மனுசனும் அதைப் போர்வையால் சுற்றி ஐந்து மாடி ஏற்றினார்கள். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. ஏற்றி முடிய இராஜதுரை, ஏதோ தேரை இழுத்து இருப்புக்குக் கொண்டுவந்தவர்போல வியர்த்து விறுவிறுத்துக் கதிரையில் சாய்ந்தார்.

இங்கே வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அந்த ஒக்ரோபரில் வியாழன்தோறும் பின்னேரம் அமெரிக்க வரலாற்றைப் பகுதி பகுதியாகக் காட்டினார்கள். எங்களுக்கு அமெரிக்காவோடு என்ன கொண்டாட்டம்? பெட்டி புதிது. கால்நடை வைத்தியம் போட்டிருந்தாலும் பார்த்திருப்போம். அகஸ்ரீனா உழுந்து வடை சுட்டாள், நான் ரோல்ஸ் கொண்டுபோனேன். எங்களுடைய இத்தாலியன் குசினியையும் குளியலறையையும் தாண்டாது என்பதால், ஏர்னஸ்ற் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தொடங்கினான்.

முதல் வியாழன் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. தெற்கு மாநிலங்கள் பிரிந்து போகப் போகின்றனவாம், வடக்கு விடாதாம். இராஜதுரை தொடையில் தட்டினார்.

"அப்ப நாங்கள் தெற்குப் பக்கம்! பிரிஞ்சு போறம் எண்டு கேட்டால் விடவேண்டியதுதானே? அதுக்கேன் படை அனுப்புறான்?"

"நல்லாக் கேளுங்கோ அண்ணை," என்றான் ஏர்னஸ்ற்.

நாங்கள் எல்லோரும் தெற்குக்குக் கட்சி கட்டினோம். தெற்கு வென்ற ஒவ்வொரு சண்டைக்கும் கை தட்டினோம். கீழ்வீட்டுக் கிழவன் கூட்டுகிற தும்புக்கட்டையால் தன் வீட்டு முகட்டில் இடித்தான்.

அடுத்த வியாழன் சந்தையொன்றில் மனிதரை விற்கிற படங்களைக் காட்டினார்கள். ஒரு தாயை ஒருவனுக்கு, பிள்ளையை இன்னொருவனுக்கு. ஏர்னஸ்ற் சொல்லிக்கொண்டு வந்தவன் இடையில் நிறுத்தினான்.

"அண்ணை, அவங்கள் பிரியக் கேட்டது இதுக்குத்தானாம். இந்தச் சனத்தை வைச்சு வேலை வாங்க."

அகஸ்ரீனா வடைத் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப போன கிழமை முழுக்க ஆருக்குக் கை தட்டினனாங்கள்?"

"பிரியிறது வேறை, இது வேறை" என்று இராஜதுரை தொடங்கினார், தொடங்கிய இடத்திலேயே நின்றார். அன்றைக்குத் தேத்தண்ணீர் ஆறிப்போனது. இவ்வளவுக்கும் பிறகு மனுசன் மூன்றாம் வியாழன் வந்து, "அந்தத் தாடிக்கார ஜனாதிபதி எந்தப் பக்கம்?" என்று கேட்டாரே! விடிய விடிய இராமாயணம் கேட்டும் சீதைக்கு இராமன் என்ன முறை என்று கேட்கிற ஆளைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

அந்த மூன்றாம் வியாழன்தான் அது நடந்தது. வடக்கின் படையில் சேர்ந்த கறுப்பினத்துப் பெடியன்களின் பழைய புகைப்படங்களைக் காட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன். பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டு, மடியில் தொப்பி. கமரா மெல்ல மெல்ல அவன் முகத்துக்குக் கிட்டப் போனது. ஏர்னஸ்ற்றின் சத்தம் நின்றுவிட்டது. இத்தாலியன் மட்டும் தனியே கேட்டது.

"அகஸ்ரீனா," என்றான், "இஞ்சை பார். அது தம்பி."

படம் மாறிப் போய்விட்டது. அவன் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றான், விட்டால் அந்தப் பெடியன் உள்ளே ஓடிவிடுவான் என்பதுபோல. ஜெனுஷா கெட்டிக்காரி. அந்தப் பகுதியைத் தன் போனில் தேடி எடுத்து, ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தினாள்.

"பப்பா, குவெஸ்தோ? இந்த ஆளோ?"

அவன் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காது, கொஞ்சம் தூங்கின இடது இமை, சிரிக்கக் கூடாது என்று இறுக்கி வைத்த வாய். எல்லாவற்றையும் எனக்கு விரலால் தொட்டுக் காட்டினான். பிறகு சொன்னான்.

"அக்கா, எனக்கு அவன்ரை முகம் மறந்துபோச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. குரல் ஞாபகம் இருக்கு, நடை ஞாபகம் இருக்கு. முகத்தை நினைக்க வெளிக்கிட்டால் என்ரை முகம்தான் வருது. இண்டைக்குத்தான் திரும்பக் கண்டனான்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த கிழமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள படக்கடையில் அதைப் பெரிதாக்கி எடுத்து வந்தான். அங்கே கல்லறைக்குப் பதிக்கிற பீங்கான் படங்களும் செய்வார்கள். கல்லறைக்கா என்று கடைக்காரன் கேட்டானாம். கல்லறை இல்லை, சுவருக்கு என்றிருக்கிறான் இவன். ஆர் இது என்று கேட்டதற்குத் தம்பி என்றிருக்கிறான். கடைக்காரன் கோட்டைப் பார்த்தான், ஏர்னஸ்ற்றைப் பார்த்தான், நல்ல முகம் என்று சொல்லிவிட்டு முகத்தில் விழுந்திருந்த கீறல்களையெல்லாம் தானாகவே துடைத்துக் கொடுத்தானாம்.

என் மனுசனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனக்கென்ன விசரோடாப்பா? ஆரோ ஒரு கறுவலைக் கொண்டந்து தம்பி எண்டு சுவரிலை கொழுவப் போறியே? சனம் சிரிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையை எடுத்திருப்பேன். அகஸ்ரீனா முந்திவிட்டாள்.

"அண்ணை, சந்தையிலை மீன்காரன் உங்களை என்னெண்டு கூப்பிடுறவன்?"

இந்த ஊர்க்காரர் கறுத்த தோலைக் கண்டால் 'துர்க்கோ', துருக்கிக்காரன், என்பார்கள். எந்த நாடு, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. மனுசன் வாயைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். அதில் நியாயம் இருந்தது. "கொம்மாவுக்கு என்ன சொல்லுவாய்? பெத்தவ அவ. இப்ப கண்புரையும் வெட்டி வடிவாத் தெரியுது அவவுக்கு. இது அவனில்லை எண்டு அவ சொன்னால்?"

ஏர்னஸ்ற்றின் முகம் செத்துவிட்டது. அவனுக்கும் அந்தப் பயம்தான். தாய் இல்லையென்று ஒரு சொல் சொன்னால், இருபத்தைந்து வருடம் கழித்துக் கிடைத்த முகம் அந்த நிமிடமே மறுபடி போய்விடும். படத்தை ஆணியில் மாட்டினான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அவனுடைய அக்கா வீட்டிலிருக்கிற தாய் வீடியோவில் வருகிற நேரமெல்லாம் கழற்றிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். சொந்தத் தம்பியைக் களவாகக் கூட்டிவந்து வைத்திருப்பதுபோல இருக்கு அக்கா என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னான்.

அந்த வருடம் மரித்தோர் நாள் வியாழனில் வந்தது. தொடரின் கடைசிப் பகுதியும் அன்றைக்குத்தான். இங்கே அன்றைக்குச் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்பார்கள். கடையெல்லாம் பாதாம் மாவில் செய்த பழங்கள், தொட்டால் உண்மைப் பழம்போல இருக்கும். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். ஏர்னஸ்ற் பூசைக்குப் போய்வந்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தான். முதல்தடவையாக ஆணிக்குக் கீழே அல்ல, படத்துக்குக் கீழே. இராஜதுரையும் வந்தார். படத்தைப் பார்க்காமல் பார்த்துவிட்டு இருந்தார்.

சண்டை முடிகிற கட்டம். ஏர்னஸ்ற் எழுந்து நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். குசினிப் பக்கமிருந்து ஜெனுஷா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பம்மா நேரத்தோடே எடுத்துவிட்டார். எங்களையும் காட்டுவோம் என்று பிள்ளை அறையைச் சுற்றிக் காட்டிவிட்டாள்.

"பிள்ளை, நில்லு. அங்கை திருப்பு."

ஜெனுஷாவின் கை அப்படியே நின்றது. ஏர்னஸ்ற் பாதி வசனத்தில் நின்றான். போனில் தாயின் முகம் கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது, கடைசியில் ஒரு கண்ணும் நெற்றியும்தான் தெரிந்தன. கடவுளே, சந்நிதியானே, மனுசி வாயால் அந்தச் சொல் வரக்கூடாது என்று கும்பிட்டேன்.

"ஏர்னஸ்ற்."

"ஓம் அம்மா."

"ஸ்ரூடியோவிலை சொல்லிக் கோட்டுப் போடுவிச்சனியோ?"

அகஸ்ரீனா அவன் முதுகில் கை வைத்தாள்.

"ஓம் அம்மா. போடுவிச்சனான்."

"பொத்தான் எல்லாம் பூட்டியிருக்கு," என்றார் தாய். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறவர்போல இருந்தது. அவர் செத்த மகனைத்தான் கண்டாரா, இருக்கிற மகனுக்காகக் கண்டாரா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. கண் வெட்டிய பிறகு அவர் ஊசிக்கு நூல் கோர்க்கிறவர்.

இராஜதுரை எழுந்து போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். அந்தத் தொடரின் முடிவை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. அவர் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து, கோணலாக இருந்த சட்டத்தை இரண்டு கையாலும் நேராக்கிவிட்டார்.

போனில் தாய் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலை செய்தாய் மோனை. வெறும் மேலோடை போன பிள்ளை."