சாக்ஸுக்குள் வந்த சார்ஜர்

கதவைப் பூட்டித் தெருமுனை வரை போய், அயர்ன்பாக்ஸ் ஞாபகம் வந்து திரும்ப ஓடிவருகிற ஆள் அவன். ஸ்டுடியோவில் அவனை ‘சுவிட்ச்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வீடியோ எடிட்டிங் அவன் தொழில். பயம் அவன் சுபாவம். செருகியிருக்கும் எதுவும் ஒருநாள் புகையும் என்று மனதார நம்பினான். அதனால் வீட்டுச் சார்ஜர்களையெல்லாம் பிடுங்கி, ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொன்றையும் ஒரு பழைய சாக்ஸுக்குள் போட்டு வைப்பான். தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சாக்ஸே இன்று அவன் காலை வாரிவிட்டது.

கல்யாண மண்டப மாடியில், மடக்கு நாற்காலிகள் அடுக்கிய அறை. காலையில் எடுத்த கல்யாணத்தைச் சாயங்கால வரவேற்பிலேயே திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். போன தடவை அவன் முடிக்காததால் திரை வெறிச்சென்று கிடந்தது. “இன்னிக்கும் அப்படின்னா நாளைக்கு வராதே” என்று சொல்லியிருந்தார் ஸ்டுடியோ முதலாளி.

அவசரத்தில் சாக்ஸைக் கழற்றாமலே, ஒயரின் இரு முனைகளையும் உருவிச் செருகி, ரெண்டர் போட்டான். துண்டுதுண்டாக வெட்டியதெல்லாம் ஒரே படமாகச் சேர வேண்டும். நடுவில் லேப்டாப் அணைந்தால் முதலிலிருந்து.

மின்னல் குறி எரிந்தது. ஆனாலும் பேட்டரி எண் இறங்கிக்கொண்டே போனது.

ஃபோன். தங்கச்சி.

“அண்ணா, உன் செங்கல் இங்க கெடக்கு. என் சோப்புக்கட்டி எங்க?”

செங்கல் அவனுடைய நூற்று முப்பது வாட் சார்ஜர். சோப்புக்கட்டி அவளுடைய அறுபத்தைந்து. முனை ஒன்றுதான், தெம்பு பாதி. சாக்ஸுக்குள் இருந்ததால் மாறியது தெரியவில்லை. சாக்ஸைத் தொட்டான். சுட்டது. உருவி எறிந்தான்.

“வெடிச்சிடுமா?”

“வெடிக்காது. உன் வேலை தின்னுற தீனிக்கு அது போடுறது பத்தலை, அதான் பேட்டரியைக் கடிக்குது.”

“நீ அதை எடுத்துட்டு வர முடியுமா?”

“நான் வர்றதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிள்ளையே பொறந்துடும். வெளிச்சத்தைக் கொறை. மத்ததெல்லாம் மூடு. வேகத்தைக் கொறைச்சு வை.”

செய்தான். எண் பதினொன்றில் வந்து தயங்கியது. படமும் ஊர்ந்தது.

கதவில் முதலாளியின் தலை. “என்னப்பா சுவிட்ச், பொண்ணு மேடைக்கு வந்தாச்சு. ஆச்சா?”

“ஆயிடும்ணே.”

“மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? உனக்கா கல்யாணம்?”

அவர் போனதும், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் சார்ஜரைத் தொட்டான். கொதித்தது. லேசாகப் பிளாஸ்டிக் வாசனை. நிஜமாகவா, தன் மூக்கின் பயமா என்று தெரியவில்லை. கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் பயம் தீரும். படமும் தீரும், வேலையும் தீரும். விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. கீழே மேளம் நின்று, ஒலிபெருக்கி யாரையோ அழைத்தது. பேட்டரி எண் மறுபடி இறங்கியது. எட்டு. ஆறு. நாலு.

படம் சேர்ந்தது.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு படிகளில் விழுந்தடித்து இறங்கினான். விளக்குகள் மங்கின. திரையில் காலை நேரத்துப் பெண் சிரிக்க, மேடையில் அதே பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

சார்ஜரைப் பிடுங்கவில்லை.

மாடிக்குப் பாய்ந்தான். புகை இல்லை. பிடுங்கி, இரு கைகளிலும் ஏந்தித் தரையில் உட்கார்ந்தான். கீழே கைதட்டல் கேட்டது.

ஃபோனில் முதலாளி. “எங்கப்பா போயிட்ட? யார் செஞ்சதுன்னு பொண்ணோட அப்பா கேக்கறார், வா. நாளைக்கும் ஒரு மண்டபம் இருக்கு, மறந்துடாதே.”

“வரேண்ணே,” என்றான், சார்ஜரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து. “இது ஆறட்டும்.”