சாங்கியில் இரண்டாவது கோப்பை

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சீனர்கள் இறந்தவர்களுக்காகத் தாள் எரிப்பார்கள். அந்தச் சாம்பலை மிதிக்காமல் சுற்றிப் போகிறவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், அதன் மேலேயே நடந்துபோய் பஸ் பிடித்திருக்கிறேன். வார நாள்களில் ஆய்வுக்கூட வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை, இந்த இரண்டுக்கும் நடுவில் பேய்க்கு என் வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைக் கேட்டால் நீங்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்கக்கூடும். நினைத்துக்கொள்ளுங்கள். என் மகள் நன்றாக இருக்கிறாள், எனக்கு அது போதும்.

அனிதா மேற்படிப்புக்காக வெளிநாடு கிளம்பவிருந்தாள். போவதற்கு முன் ஒரு நாள் முழுக்கக் கடலோரமாகவே காரில் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாள். செம்பவாங் பூங்காவில் ஆரம்பித்து, பொங்கோல், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் என்று தீவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போய், லாப்ரடாரில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது. ஒவ்வோர் இடத்திலும் இறங்கி நடக்க வேண்டும், சாங்கியில் அவள் நீந்த வேண்டும். அதற்குத்தான் நான் யோசித்தேன். நீச்சல் குளத்தில் மீன் மாதிரி போவாள், ஆனால் கடல் குளமில்லையே. அவள் வீடு வரக் கொஞ்சம் தாமதமானாலே ஜன்னலில் போய் நிற்கிற ஆள் நான்.

அதனால் முந்தைய வாரம் தனியாக பஸ் ஏறி, எனக்குப் பழக்கமில்லாத இடங்களை மட்டும் பார்த்துவர முடிவு செய்தேன். கழிவறை எங்கே, மழை வந்தால் ஒதுங்க இடம் எங்கே, கரையோரம் எவ்வளவு ஆழம். என் கணவர் அருளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பிக்னிக்குக்கு யாராச்சும் ஆர்மி மாதிரி முன்னாடியே போய் ரெக்கி பாப்பாங்களா? மேஜர் ரீத்தா!" என்று வாசலில் நின்று சல்யூட் அடித்தார்.

"நீங்க ஆர்மியில செஞ்சத நான் குடும்பத்துக்குச் செய்யறேன். வழிய விடுங்க லா."

எல்லா இடமும் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியாகச் சாங்கி. மணலில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவரின் கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக் கேட்டேன். அவர் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணுதானே பாய் கேட்டேன்?"

"பரவால்லம்மா, இருக்கட்டும். அதுக்குக் காசு வேணாம்."

தவறாகப் போட்டுவிட்டு மழுப்புகிறார் என்று நினைத்தேன். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைத் தொடாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் வாடகைக்கு எடுத்த காரில் புறப்பட்டோம். எங்கள் வீடு இருப்பது செம்பவாங்குக்குப் பக்கத்திலேயே, உட்லண்ட்ஸில்; ஆனாலும் தோசை வாங்குவதற்காகத் தொலைவில் இருக்கும் லிட்டில் இந்தியா வரை போய், அதன்பிறகு செம்பவாங்குக்குத் திரும்பி வர வேண்டும் என்றாள் அனிதா.

"இங்க எங்கயும் தோசையே இல்லையா?" என்றார் அருள்.

"வெளிநாட்டுக்குப் போயிட்டா அந்தக் கடைச் சட்னி கிடைக்காதுப்பா," என்றாள். அவர் வண்டியை லிட்டில் இந்தியா பக்கம் திருப்பினார்.

நம்பினால் நம்புங்கள், அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. சாங்கியில் இறங்கியதும் அனிதா உடை மாற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள், அருள் துண்டோடு மணலில் உட்கார்ந்தார், நான் தேநீர் வாங்க அதே கடைக்குப் போனேன். பெரியவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கம்மா. புள்ளைக்கு இப்ப தேவலையா?"

"எந்தப் புள்ள பாய்?"

"போன வாரம் உங்ககூட வந்துச்சே. தலையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்னுச்சு. நடுங்குதேன்னுதான் இன்னொரு தே வச்சேன். நீங்க அத திரும்பிக்கூடப் பாக்கல. கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நான் தனியாதானே வந்தேன்."

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "கடல்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருந்துச்சும்மா," என்றார், மெதுவாக.

தேநீர் என்ன ஆனது, தெரியாது. ஓடினேன். அனிதாவின் தலை ஒரு புள்ளியாகத் தூரத்தில் தெரிந்தது. கத்தினேன், கையை ஆட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினாள். போட்டிருந்த சுடிதாரோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பெயர் சொல்லி அலறிய பிறகுதான் திரும்பி வந்தாள்.

"இப்பதானேம்மா எறங்குனேன்! எல்லாரும் பாக்கறாங்க, மானம் போகுது."

"போகட்டும். கரைக்கு வா."

"என்ன ரீத்தா இது, சின்னப் புள்ளயா அவ?" என்று அருளும் என்மேல் பாய்ந்தார். நான் அவள் மணிக்கட்டை விடவேயில்லை. நாங்கள் கூரைக்குக் கீழே வந்து சேர்வதற்குள் எங்கள் முதுகுக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே, வானம் கறுத்துவிட்டது. காற்று மணலை வாரி அடித்தது. மழை, அதோடு மின்னல், ஒன்றன்மேல் ஒன்றாக. அவள் நீந்திக்கொண்டிருந்த இடத்தில் வெறும் வெள்ளை நுரைதான் பொங்கிக்கொண்டிருந்தது. அருள் மகளின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நான் அழுதேன், பிறகு சிரித்தேன், உடம்பில் இருந்த எலும்பெல்லாம் கழன்றுபோனது போல அப்படி ஒரு நிம்மதி. என் பெண்ணுக்கு வரவிருந்ததை ஏதோ ஒன்று முன்கூட்டியே அந்த மனிதரின் கண்ணில் காட்டியிருக்கிறது என்று நம்பினேன். அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

மழை விட்டதும் பெரியவருக்கு நன்றி சொல்ல அனிதாவை அழைத்துக்கொண்டு போனேன்.

"பாய், இதுதான் என் பொண்ணு."

அவளை நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கட்டும். ஆனா அன்னைக்கு வந்தது இது இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இது வளந்த புள்ள. அது இத்தனூண்டு." மேசை உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். "உங்க கையப் புடிச்சிட்டு நின்னுச்சு."

எனக்கு அனிதா ஒரே பிள்ளை. வேறு பிள்ளை பிறந்ததும் இல்லை, இழந்ததும் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கடலில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று அவரிடம் விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் தேவாலயத்தில் பெயர் தெரியாத ஒரு குழந்தைக்காகப் பூசை வைத்தேன், யாருக்கு என்று கேட்டவர்களிடம் தெரியாது என்றேன், அது உண்மைதானே. அனிதா வெளிநாட்டில் படிப்பைத் தொடங்கிவிட்டாள், வாரம் தவறாமல் அழைக்கிறாள், அந்த ஊர்ச் சட்னியைத் திட்டுகிறாள். அவள் குரலைக் கேட்கும்போதெல்லாம் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அந்தக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

அருளிடம்கூடச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நான் தனியாகப் போன அன்று, சாங்கியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, ஆனால் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருந்தது. ஒரு சீனப் பெண்மணி உட்கார வந்தார். இருக்கையில் கை வைத்துப் பார்த்தார். ஈரமாகிவிட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பல நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் தெம்பனிஸ் வரை நின்றபடியே வந்தார்.