இருபத்தோராவது இடம்

"மாது, நீ குப்புராஜோட போன திங்கக்கெழமையே உக்காந்துட்ட. எந்திரிப்பா." ஸ்தனிஸ்லாஸ் சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னார், திரும்பவில்லை. மாதுவை என் இடத்தில் உட்காரவைத்து வேடிக்கை பார்த்தவன் நான். "முதுவுல கண்ணு வச்சிருக்காருடா" என்று மாது எழுந்து வந்து என்னைக் கிள்ளினான்.

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் எங்கள் டுட்டோரியல். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டைவிட்ட இருபத்தோரு பேர், ஏழு பெஞ்சு, பெஞ்சுக்கு மூவர். யார் எங்கே என்று தினமும் பட்டியல் போடுவார். பத்து நாளில் ஒவ்வொருவனும் மற்ற இருபது பேரோடும் ஒருமுறை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அந்தச் சுற்றில் எவனோடும் இரண்டாம் முறை கிடையாது; பதினோராம் நாள் அதே சுற்று மறுபடி தொடங்கும். காப்பியடிப்பதைத் தடுக்க என்று நினைத்தோம். எவனிடம் என்ன இருந்தது, காப்பியடிக்க?

அந்தப் பட்டியல்தான் அவருடைய ஆராய்ச்சி. மதராஸில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து, உதவித்தொகை நின்றதும் அதியமான்கோட்டைக்குத் திரும்பியவர். இருபத்தொன்றுக்கு மட்டுமல்ல, மூன்றால் வகுபடும் எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் இப்படிப் பட்டியல் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். எப்போது கேட்டாலும், "கூடிவரும்பா, கூடிவரும்."

அவர் அம்மா ராயம்மாள் சந்தை நாளில் மாடியேறி வந்து சோற்றுத்தூக்கை வைப்பார். "எங்க ஸ்தனிசும் உங்களாட்டந்தான் கண்ணுங்களா. அஞ்சு வருசமா எழுதறான், பாசாவ மாட்டேங்கறான்." சார் மறுத்ததே இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் சார் ஐந்து நிறக் காகிதக் கொடித் தோரணம் கட்டினார். பச்சைக்கு அடுத்து மஞ்சள் ஒருமுறை வந்தால், மறுபடி அப்படி வராது; எல்லா நிறத்துக்கும் அதே சட்டம். ஒரே நிறம் இரண்டு சேர்ந்தாற்போலவும் வராது. இருபத்தொரு கொடியோடு நின்றுவிட்டது. "இன்னும் நாலு கட்டுப்பா, மொட்டையா இருக்குது" என்றார் உபதேசியார். "ஒண்ணு சேத்தாலும் தப்பாயிருமுங்க" என்று சார் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

எழுபத்திரண்டு ஆடியில் அவருடைய புரொபசரிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தார். "முடிஞ்சிருச்சாம்."

"பாசா சார்?" என்று மாது துள்ளினான்.

"வேற ரெண்டு பேரு பாசாயிட்டாங்கப்பா. அமெரிக்காவுல. எல்லா நம்பருக்கும் சேத்து. போன வருசமே அச்சுல வந்திருச்சாம்." கடிதத்தை நான்காக, எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க வரவில்லை.

மறுநாள் பலகையில் பட்டியல் இல்லை. "எங்க வேணா உக்காருங்க" என்றார்.

அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தவன் நான்! ஆனால் அது சுற்றின் ஏழாம் நாள். ஏழாம் நாள் யார் எங்கே என்பது அதற்குள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொருவனும் போய் அவனவன் இடத்தில் உட்கார்ந்தான். நானும் சேட்டை செய்யாமல் மூன்றாம் பெஞ்சில் குப்புராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் ஓர் இடம் காலி. அங்கே உட்கார வேண்டியவன் முந்தின நாள்தான் பெங்களூர் லாரியில் கிளீனராகப் போயிருந்தான்.

சார் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்தது. மூன்றாம் பெஞ்சில் நின்றது. சாக்பீஸைக் கையில் வைத்தபடியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து, எங்களைப் போலவே வெறும் பலகையைப் பார்த்தார்.