அறுக்காமல் விட்ட ஃபில்டர்

2011 பிப்ரவரி 5 — ஆயில் கூலர், பத்தொன்பது வரிசை: 14,500
பிப்ரவரி 5 — ஹோஸ் இரண்டு, முனைகள், ஃபில்டருக்கு அடியில் வைக்கும் தட்டு: 9,200
பிப்ரவரி 12 — அலுமினியப் பட்டை, போல்ட், ரப்பர் வாஷர்: 640
ஆகஸ்ட் 19 — மண்ணெண்ணெய், நான்கு லிட்டர்: 180
ஆகஸ்ட் 26 — இன்ஜின் பிரித்துக் கட்டியது, உதிரிப் பாகங்களுடன்: 88,000
அக்டோபர் 8 — கார் விற்றது, ஓடாத நிலையில்: 1,10,000

தப்பு நான்காவது வரியில் இருக்கிறது. ஆறு வரிகளில் மிகச் சின்னத் தொகை அதுதான். அதைத் தன் நீல நோட்டில் எழுதிய மெக்கானிக்கே அது தப்பு என்று தெரிந்துகொள்ளப் பதினோரு வருடமும் ஐந்து மாதமும் ஆயின.

மெக்கானிக்கின் பட்டறை பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. அகலம் இருபத்திரண்டு அடி. ஒரு லிஃப்ட், ஒரு கம்ப்ரசர், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள். ஒவ்வொரு ஸ்பானருக்குப் பின்னாலும் அதன் உருவம் சுண்ணாம்பில் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தாலும் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த இன்ஜினைத் திறந்தாலும், அதிலிருந்து கழற்றிய ஆயில் ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இன்ஜின் உள்ளே எது தேய்ந்தாலும் அதன் துகள் அந்த மடிப்பில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"வண்டிக்கு ரத்த டெஸ்ட் எடுக்கறாரு எங்க மச்சான்" என்பார் அவருடைய தங்கையின் கணவர். அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் வெள்ளைச் சட்டையில் மாத்திரை எண்ணுகிற மனிதர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ரேஸ் டிராக்கில் வட்டமடிப்பார். பரிசுக்காக இல்லை. போன மாதத்தைவிட ஒரு நொடி குறைந்தால் அவருக்கு அது போதும். பழைய காராக வாங்கியதை, மெக்கானிக்தான் ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொட்டி டிராக்குக்குத் தயார் செய்துகொடுத்தார். கூலி வாங்கியதில்லை. டிராக்குக்குப் போகும் ஞாயிறுகளில் இருவரும் வழி நெடுகப் பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சுதான் அவருக்குக் கூலி.

அந்த வருடம் ஜனவரியில் மெக்கானிக் எண்ணெயின் சூடு காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். அடுத்த ஞாயிறு ஐந்தாவது சுற்றிலேயே மருந்துக்கடைக்காரர் காரை ஓரம் கட்டினார்.

"மச்சான், வண்டிக்கு நூத்தி முப்பத்தெட்டு டிகிரி காய்ச்சல். பாராசிட்டமால் போட்டா இறங்குமா?"

"இறங்காது மாப்ளே. இது ஐஸ் ஒத்தடம் கேக்கற காய்ச்சல். வெளிய தனியா ஒரு கூலர் வெச்சாகணும்."

"அதுக்கு எவ்வளவு ஆகும்?"

"உங்க வீட்டம்மா கேட்டா எவ்வளவு சொல்லணும், அதைச் சொல்லுங்க முதல்ல."

இரண்டு சனிக்கிழமை பிடித்தது வேலை. முன் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால், இடது ஓரத்தில் காற்று நேராக அடிக்கும் இடத்தை அளந்து குறித்தார். முனைகள் மேல் பக்கம் பார்க்கிற மாதிரி கூலரை வைத்தார். இல்லையென்றால் உள்ளே காற்று தங்கிவிடும். அதிர்வில் உடையாதபடி பட்டைக்கும் கூலருக்கும் நடுவில் ரப்பர் வாஷர். ஃபில்டருக்கு அடியில் பொருத்திய தட்டில் ஒரு சின்ன வால்வு. எண்ணெய் எண்பது டிகிரி தாண்டினால்தான் அது திறந்து எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும். ஹோஸ் இரண்டையும் பெல்ட்டில் உரசாமல், ஸ்டியரிங்கில் மாட்டாமல் வளைத்துக் கட்டினார். சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாற்பது தடவை திருப்பிப் பார்த்த பிறகுதான் பம்பரை மாட்டினார். பிப்ரவரி 20, பத்தாவது சுற்றில் மீட்டர் காட்டியது நூற்றுப் பன்னிரண்டு. மருந்துக்கடைக்காரர் காரிலிருந்து இறங்கி, மெக்கானிக்கின் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து, "எனக்கும் இறங்கிடுச்சு" என்றார்.

ஆகஸ்ட் 7-இல் இன்ஜின் போனது. அதில் யார் பிழையும் இல்லை. நீண்ட வலது வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல், பேரிங் கருகிவிட்டது. பழைய இன்ஜின், அதற்கு ஆயுள் அவ்வளவுதான். மறுபடி கட்ட எண்பத்தெட்டாயிரம் ஆகும் என்றார் மெக்கானிக். மாடியில் ஒரு அறை போட என்று தங்கை நான்கு வருடமாகச் சேர்த்த பணத்தில் கைவைக்க வேண்டியிருந்தது.

"ஒரு தடவைதான் அண்ணா" என்றாள் தங்கை. "மறுபடி போச்சுன்னா அந்த வண்டி இந்த வாசல்ல நிக்கக் கூடாது. இவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என் கை பட்ட இன்ஜின் மறுபடி வராதும்மா" என்றார் மெக்கானிக். சொல்லும்போது அவர் நம்பித்தான் சொன்னார்.

பேரிங் கருகினால் அதன் செதில்கள் எண்ணெயோடு போகாத இடம் கிடையாது. அவர் ஒவ்வொரு துளையையும் கம்பி விட்டுக் குடைந்து கழுவினார். கூலர் முறை வந்தபோது உதிரிப் பாகக் கடைக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அந்தக் கூலரைத் திரும்ப மாட்டாதீங்க" என்றார் கடைக்காரர். "உள்ள சல்லடை மாதிரி இருக்கும். போனது வெளிய வராது. புதுசு போட்டுடுங்க."

"நீங்க விக்கறவர். வேற என்ன சொல்வீங்க?"

"விக்கறவன்தான். ஆனா இது என் வியாபாரத்துக்காகச் சொல்லல."

மெக்கானிக் சிரித்துப் போனை வைத்தார். ஆறு மாதம்கூட ஓடாத கூலர். ஒரு துளி கசிவு இல்லை. தங்கையின் பணத்தில் பதினாலாயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடிக்கலாம். இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அது அவர் கையால் அளந்து, வளைத்து, பொருத்திய கூலர். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை என்பதும் சேர்ந்துதான் இருந்தது. நான்கு லிட்டர் மண்ணெண்ணெயை நான்கு தடவை உள்ளே விட்டுக் குலுக்கினார். நான்காவது தடவை தண்ணீர் போலத் தெளிவாக வந்தது. மாட்டிவிட்டார்.

புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினை மருந்துக்கடைக்காரர் மூன்று வாரம் ஊருக்குள் பதமாக ஓட்டிப் பழக்கினார். அந்த நடையில் எண்ணெய் எண்பதைத் தொட்டதே அபூர்வம். கூலரின் வால்வு பெரும்பாலும் மூடியே கிடந்தது. செப்டம்பர் 18, டிராக்கில், ஏழாவது சுற்றில், இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் கதவு தட்டுவது போலச் சத்தம் கேட்டது.

அன்று தங்கையும் வந்திருந்தாள், சாப்பாட்டு டப்பாவோடு. மூன்று பேரும் திறந்த பானெட்டைச் சுற்றி நின்றார்கள்.

"நாலாவது கியர் போடறேன்னு ரெண்டாவதுல தள்ளிட்டீங்க மாப்ளே" என்றார் மெக்கானிக். "இன்ஜின் ஒரேயடியாச் சுத்திப் பேரிங்கைத் தின்னுடுச்சு. வேற வழியே இல்ல."

"இல்ல மச்சான். கை சரியாத்தான் போச்சு. எனக்குத் தெரியும்."

"ஸ்டியரிங் பிடிச்சா உங்களுக்கு என்ன தெரியும்? கடையில இருமல் கேட்டா வயித்துக்குக் குடுக்கற ஆள்தானே நீங்க?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் தங்கை சிரிக்கவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்து ஓட்டறேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே."

மருந்துக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"இருக்கும் மச்சான்" என்றார். "தப்பாப் போட்டிருப்பேன்."

மெக்கானிக்குக்குக் கேட்க வேண்டியிருந்த வாக்கியம் அதுதான். கேட்ட பிறகு தோண்ட எதுவும் இல்லை என்று தோன்றியது. மறுநாள் பட்டறையில் ஃபில்டரைக் கழற்றினார். தேதி எழுதிய சீட்டைக் கம்பியில் கட்டினார். அறுக்கவில்லை. நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று மாலை நான்கு மணிக்கே பட்டறையைப் பூட்டிவிட்டார் என்பதும் உண்மை. ஃபில்டர் பெயின்ட் டப்பா ஒன்றுக்குள் போய், மேல் தட்டின் கோடியில் உட்கார்ந்துகொண்டது.

கார் விற்றுப்போனது. மாடி அறை வரவில்லை. மருந்துக்கடைக்காரர் அதன் பிறகு டிராக் பக்கம் போகவில்லை. பத்து மாதத்தில் கடையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். வாடகை குறைவு என்று காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நின்றது. இனி எப்போதாவது நாலு பேர் கூடுகிற இடத்தில் பார்த்தால்தான் உண்டு.

அப்படிப் பார்க்கும்போதெல்லாம் தங்கையின் வாயில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. கணவர் பஸ்ஸைத் தவறவிட்டால், "கியரைத் தப்பாப் போடற ஆளுதானே." கடையில் பாக்கிச் சில்லறை கூடப் போனால், "நாலுன்னு நெனச்சு ரெண்டுல போட்டிருப்பாரு." எல்லோரும் சிரிப்பார்கள். மருந்துக்கடைக்காரரும் சிரிப்பார். மெக்கானிக் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

2023 ஜனவரி 19, வியாழக்கிழமை. கொட்டகைக்குப் புதுத் தகரம் போட வேண்டியிருந்ததால் மேல் தட்டைக் காலி செய்தார். பெயின்ட் டப்பா கையில் வந்தது. சீட்டில் இருந்த தேதியை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். வழக்கத்தில் கை ரம்பத்துக்குப் போனது.

மடிப்பை விரித்தார். சாம்பல் நிறத் துகள்கள் இருந்தன. அவர் புதிதாகப் போட்டது அலுமினிய பேரிங். அது உடைந்த தூள் அது. ஆனால் அதற்கும் அடியில், காகிதத்தோடு ஒட்டி, செதில் செதிலாக வேறொன்று மின்னியது. செம்பு. பழைய இன்ஜினின் பேரிங் செம்பு அடுக்கு வைத்தது. புது இன்ஜினில் செம்பு என்று எதுவும் கிடையாது. இந்த ஃபில்டரோ ஆகஸ்ட் 26-இல் பெட்டியிலிருந்து பிரித்து மாட்டியது. பழைய இன்ஜினிலிருந்து கழுவி மட்டும் எடுத்து மாட்டிய பாகம், உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பாகம், ஒன்றே ஒன்றுதான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நடந்தது முழுக்க வரிசையாகத் தெரிந்தது. டிராக்கில் எண்ணெய் கொதித்ததும் வால்வு திறந்தது; மண்ணெண்ணெயால் அசைக்க முடியாததைச் சூடான எண்ணெய் அடித்துக் கொண்டுவந்தது; ஃபில்டர் அடைத்தது. அடைத்தாலும் எண்ணெய் நின்றுவிடக் கூடாது என்று ஃபில்டருக்குள்ளேயே ஒரு மாற்றுவழி உண்டு. அது திறந்து, வடிகட்டாத எண்ணெயைச் செதிலோடு நேராகப் புது பேரிங்குக்கு அனுப்பியது. கியர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

தங்கை வீட்டுக்குப் போன் செய்தார். அவள்தான் எடுத்தாள்.

"என்ன அண்ணா, வேளை கெட்ட வேளையில?"

"சும்மாதான். மாப்ளே எங்க?"

"குடையை எங்கயோ வெச்சுட்டு வந்துட்டாரு, தேடப் போயிருக்காரு. கியர் ஆளாச்சே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லவும் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வாயால் சொன்னால் மழுப்பிவிடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. எழுதினார். தேதி, சூடு, மண்ணெண்ணெய், கடைக்காரர் சொன்னது, தான் சிரித்தது, எல்லாவற்றையும் மூன்று பக்கத்தில். செம்புச் செதில் ஒன்றை செலோ டேப்பால் தாளில் ஒட்டினார். தங்கையும் கணவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று உறையில் இரண்டு பேர் பெயரையும் போட்டு, கைவசம் இருந்த கடை முகவரிக்கு ஜனவரி 21 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. நடுவில் தங்கை போனில் வேறு எதையெதையோ பேசினாள். கோபம் இல்லை; கிண்டலும் மாறவில்லை. பிப்ரவரி 18-இல் இன்னொரு கடிதம் போட்டார். அதற்கு வந்த பதில் மருந்துக்கடை பில் தாளின் பின்பக்கத்தில், மாத்திரை எழுதுகிற சின்னக் கையெழுத்தில் இருந்தது.

"மச்சானுக்கு. இரண்டு கடிதமும் கடை முகவரிக்குத்தான் வந்தன. நான்தான் வாங்கினேன். உங்கள் தங்கைக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். பதினோரு வருடமாக அவள் என்னைச் சொல்லிப் பழகிவிட்டாள், நானும் கேட்டுப் பழகிவிட்டேன். இப்போது அது உங்கள் பக்கம் திரும்பினால் அவளுக்குக் கிண்டல் வராது, கோபம்தான் வரும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடம் என் கை சரியாகப் போனது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொன்னீர்களே, தப்பாகத்தான் போட்டிருப்பேனோ என்று. இப்போதும் படிக்கட்டு ஏறும்போது சில நேரம் இடது கையைக் கியர் போடுவது போல அசைத்துப் பார்த்துக்கொள்வேன். இனி வேண்டாம். செதிலைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு, கல்லாவுக்குள் வைத்திருக்கிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்."

மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நீல நோட்டை எடுத்து, 2011-ஆம் வருடத்தின் பக்கத்தைத் திறந்து, நான்காவது வரிக்கு நேராக, ஓரத்தில், தேதியை மட்டும் குறித்தார்.

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.