தொண்ணூற்றொரு விழுக்காடு

நேற்று செங்காங் வீட்டில் மகளின் மடிக்கணினியில் ஒரு கறுப்புத் திரை திறந்திருந்தது. ஏதோ பெரிய ஃபைலை இறக்குகிறாள். மறுபடி முயல்வதாக வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. "கனெக்‌ஷன் கட் ஆனா அதுவே ரீட்ரை பண்ணும்லா, அப்பா" என்றாள். நான் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நல்லவேளை, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் திரையில் ஓடிய, ஃபைல் இறக்கும் டபிள்யூகெட் என்கிற அந்தக் கருவியை நான் பழகியது சிராங்கூன் ரோட்டில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம். ஒருமுறை பாதி இறங்கிய ஃபைலை முழுசென்று நம்பி துவாஸில் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கருவியைத் தானாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இணைப்பு அறுந்தால் வந்த பாதியை அழித்துவிட்டு, முதலிலிருந்து இறக்கும். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. கேட்காதவர்களுக்கும் விளக்குவேன்.

மாலா அக்கா எங்கள் அலுவலகத்தில் அட்மின். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்தார். இறந்துபோன அவர் தம்பி ரவி ஓர் இணையத்தளத்தில் பேசி வைத்த இரண்டு மணி நேர ஒலிப்பதிவை இறக்கித் தர வேண்டுமாம். வேறு நகல் கிடையாது. அந்தத் தளத்தை அன்று ஐந்து மணிக்கு மூடுகிறார்கள்.

"இன்னிக்குத்தான் மெயில பார்த்தேன் தம்பி. எடுத்துடலாம்ல?"

"இதெல்லாம் ஒரு வேலையா அக்கா" என்றேன். வாய்க்கொழுப்பு.

முதல் தடவை நாற்பது விழுக்காட்டில் அறுந்தது. அடுத்தது அறுபத்திரண்டில். மூடுமுன் எல்லாரும் முண்டியடித்தார்களோ என்னவோ, வேகம் குறைந்துகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் வந்ததைத் துடைத்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து புறப்பட்டது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குடிக்க வாங்கி வைத்த பால் தே ஆறி ஆடை கட்டியது. நாலே முக்காலுக்குத் தொண்ணூற்றொன்று. "வந்துடுச்சு" என்றார். அப்போது அறுந்தது.

ஐந்துக்குப் பிறகு எண்ணே வரவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற ஒரே வரி, கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தொண்ணூத்தொண்ணு எங்க தம்பி?"

"அழிஞ்சிடும் அக்கா. நான்தான் அப்படி..."

பாதி ஒலிப்பதிவும் பாதி வரை பேசும் என்பது அப்போதுதான் உறைத்தது. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லக் கட்டளையில் ஓர் எழுத்து சேர்த்தால் போதும், அதுவும் தெரிந்ததுதான். பாவி, என் கையாலேயே அழித்தேன்.

"நிறுத்தாதீங்க" என்றார் அக்கா. திங்கட்கிழமை வரை ஓட விட்டேன்.

அந்த மாடி இப்போது தங்கும் விடுதி. மசாலாக் கடையும் இல்லை. போன மாதம் தேக்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன், மீன் வாங்கிக்கொண்டிருந்தார். நலம் விசாரித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ரவி குரல் இப்ப எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது தம்பி. அன்னிக்கு இறங்கினதுல நீங்க கொஞ்சமாச்சும் கேட்டீங்களா?"

ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. "கேட்டேன் அக்கா" என்றேன்.

மீன் பையைக் கீழே வைத்தார். "எப்படி இருந்துச்சு?"